டொராண்டோ டிராமை எந்த சிமுலேட்டரில் கட்டுவது? முதலில் திருப்பங்களை எண்ணுங்கள்

டொராண்டோவில் கிங் தெருவும் ஸ்பாடைனா அவென்யூவும் சந்திக்கும் முனையில் நின்று தரையைப் பார்த்தால், சிக்குக் கோலம் போட்டதுபோல் தண்டவாளம் பின்னிக் கிடக்கும். நான்கு திசையிலும் இரட்டைப் பாதை. எந்தத் திசையிலிருந்து வரும் டிராமும் நேரே போகலாம், இடப்பக்கம் திரும்பலாம், வலப்பக்கமும் திரும்பலாம். அதற்காக அந்த ஒரு சந்திப்பில் மட்டும் 16 பாயின்ட்கள், அதாவது தண்டவாளம் பிரியும் அல்லது சேரும் இடங்கள். இப்படிப்பட்ட அமைப்புக்கு ‘கிராண்ட் யூனியன்’ என்று பெயர். ஒரு நகரத்தின் டிராம் பாதையை, கணினியில் ரயில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டரில் கட்டப் போகிறேன் என்று யார் வந்தாலும், நான் முதலில் காட்டுவது இந்த முனையைத்தான். எடுத்திருக்கும் மென்பொருள் இதைத் தாங்குமா என்று பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

முடிவு செய்ய வேண்டியவை மூன்று: எந்தப் பாதை, எந்தக் காலம், எந்த மென்பொருள். பெரும்பாலானவர்கள் மென்பொருளில் தொடங்குகிறார்கள். கையில் ஏற்கெனவே ஒன்று இருக்கும், அதிலேயே கட்டிவிடலாம் என்று இறங்குவார்கள். நானும் அப்படித்தான் இறங்கினேன். நெடுந்தூர ரயிலுக்காகச் செய்த ஒரு மென்பொருளில் 501 குவீன் பாதையைக் கிழக்கு முனையிலிருந்து போட ஆரம்பித்தேன். நேர்ப்பாதை அழகாக வந்தது. வண்டி சுற்றித் திரும்பும் வளையத்துக்கு லூப் என்று பெயர். முதல் லூப்பில் வண்டியைத் திருப்பியபோது, முன் சக்கரம் தண்டவாளத்தின் மேலும் வண்டியின் மூக்கு நடைபாதையின் மேலும் நின்றன. மூன்று மாத வேலையை அழிக்க வேண்டியதாயிற்று. அதனால் இந்தக் கட்டுரையில் வரிசையை மாற்றுகிறேன். பாதை முதலில், காலம் அடுத்து, மென்பொருள் கடைசியில்.

அதற்கு முன், டிராமுக்கும் ரயிலுக்கும் சிமுலேட்டரின் கண்ணில் என்ன வித்தியாசம் என்று பார்த்துவிடலாம். ரயில் சிமுலேட்டர் என்பது பெயருக்கேற்றபடி ரயிலுக்காக எழுதப்பட்டது. அது எதிர்பார்ப்பது சில நூறு மீட்டர் ஆரம் உள்ள வளைவு. டொராண்டோ டிராம் பாதையில் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் ஏறத்தாழ 11 மீட்டர்தான். 11 மீட்டர் ஆரத்தில் ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு நேர்கோணத்தில் திரும்ப எவ்வளவு தண்டவாளம் வேண்டும்? சுமார் 17 மீட்டர். இன்று அங்கே ஓடும் ஃப்ளெக்ஸிட்டி வண்டியின் நீளம் 30 மீட்டர். அதாவது வளைவைவிட வண்டி நீளம். முன்பக்கம் அடுத்த தெருவில் நேராகிவிட்டபோது, வால் இன்னும் பழைய தெருவிலேயே நேராக நிற்கும். நடுப்பகுதி மட்டும் முனையைச் சுற்றி மடிந்திருக்கும்.

இதில் வேகக் கணக்கும் இருக்கிறது. டொராண்டோவில் பாயின்ட்களைக் கடக்கும்போது மணிக்கு 10 கி.மீ. தாண்டக் கூடாது என்பது விதி. அந்த வேகத்தில் 11 மீட்டர் வளைவில் பயணியைப் பக்கவாட்டில் தள்ளும் முடுக்கம் ஒரு நொடி வர்க்கத்துக்கு 0.7 மீட்டர். நிற்பவர் கம்பியைப் பிடித்துக்கொண்டால் போதும். வேகத்தை 20 ஆக்கினால் தள்ளல் நான்கு மடங்காகி 2.8-க்குப் போகும். அது புவியீர்ப்பின் கால் பங்குக்கும் அதிகம்; நிற்பவர் விழுவார். 10 கி.மீ. வேகத்தில் ஃப்ளெக்ஸிட்டி முழுவதும் திரும்பி முடிக்க 17 நொடி ஆகும். டிராம் ஓட்டுவதன் சுவை அந்த 17 நொடியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். முன்சீட்டில் உட்கார்ந்து போகும்போது நான் காத்திருப்பது அந்தச் சக்கரக் கிரீச்சலுக்குத்தான். சிமுலேட்டரில் அது இல்லையென்றால், தெருவுக்குள் ஒரு புறநகர் ரயிலை ஓட்டியதுபோல் இருக்கும்.

அடுத்தது சிக்னல். தெருவில் ஓடும் டிராமுக்கு ரயில்போல், ஒரு துண்டுப் பாதைக்குள் ஒரு வண்டியை மட்டும் விடும் பிளாக் சிக்னல் கிடையாது. கண்ணால் பார்த்து, முன்னால் நிற்கும் வண்டிக்குப் பின்னால் போய் நிற்க வேண்டியதுதான். இரண்டு மூன்று டிராம்கள் ஒன்றன் வாலை ஒன்று தொட்டபடி நிற்பது அன்றாடக் காட்சி. ஆனால் கணினி ஓட்டும் வண்டிகள் சிமுலேட்டருக்குள் சிக்னலை நம்பித்தான் இடைவெளி விடுகின்றன. பாயின்ட்களும் வேறு மாதிரி: டொராண்டோவில் வண்டியைத் திருப்பிவிடும் நாக்கு ஒரு பக்கத்தில்தான் அசையும், மறுபக்கத் தண்டவாளம் அசையாத வார்ப்பு. கண்ணாடி வழியே பார்க்கும்போது இது தெரியும். ரயில் பாயின்ட் மாதிரியை அப்படியே எடுத்துப் போட்டால், அந்த நகரத்தை அறிந்தவர் முதல் சந்திப்பிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

தண்டவாள அகலத்தையும், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு இடையிலான தூரத்தையும், சொல்லிவிடுகிறேன். டொராண்டோவில் அது 1495 மி.மீ. உலக வழக்கமான 1435-ஐவிட 60 மி.மீ. அதிகம். 1861-ல் குதிரை டிராம் தொடங்கியபோது, சாதாரண வண்டிகளின் சக்கரமும் தண்டவாளத்தின் மேல் உருளட்டும் என்று நகரம் வைத்த நிபந்தனையிலிருந்து வந்த அளவு இது. சொந்தமாகத் தண்டவாள மாதிரி செய்பவர் 1495-லேயே செய்துவிடலாம். மற்றவர் செய்த மாதிரியைப் பயன்படுத்தினால், இந்த 60 மி.மீ.-க்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டுநர் இருக்கையிலிருந்து அது கண்ணில் படாது.

சரி, பாதை. எனக்கு மூன்று பாதைகள்தான் உண்மையான போட்டியாகத் தோன்றுகின்றன.

501 குவீன் எல்லோரும் ஆசைப்படுவது. கிழக்கே நெவில் பார்க் லூப்பிலிருந்து மேற்கே லாங் பிராஞ்ச் லூப் வரை தண்டவாளம் ஏறத்தாழ 25 கி.மீ. நகரத்தையே குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் பாதை. வரைபடத்தில் பார்த்தால் ஓர் ஆச்சரியம் உண்டு: முனைகளில் உள்ள லூப்களை விட்டுவிட்டால், நேர்கோணத் திருப்பம் அநேகமாக இல்லை. குவீன் தெருவில் நேரே, ரான்செஸ்வேல்ஸ் அருகே தெருவை விட்டு குவீன்ஸ்வேயின் தனித் தடத்தில், ஹம்பர் தாண்டி லேக் ஷோர் சாலையில் மறுபடி தெருவோடு. வளைவு குறைவு என்பதால் மென்பொருளுக்குச் சுமை குறைவு. சுமை உங்களுக்குத்தான். நகர நடுவில் கடை முகப்பு ஒன்றுக்கு 6 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 கி.மீ. தூரத்துக்கு இரண்டு பக்கமும் சேர்த்து மூவாயிரத்துக்கு மேல் முகப்புகள். ஒன்றுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினாலும் ஐந்நூறு மணி நேரம் தாண்டும்.

குவீன் தெருவில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, அதை எந்த மென்பொருளும் சரியாகத் தீர்ப்பதில்லை. பல நிறுத்தங்களில் பயணிகள் நடைபாதையிலிருந்து இறங்கி, ஒரு கார் தடத்தைத் தாண்டி வந்துதான் டிராமில் ஏறுகிறார்கள். கதவு திறந்திருக்கும்போது பின்னால் வரும் கார்கள் கதவுக்கு 2 மீட்டர் முன்னாடியே நின்றுவிட வேண்டும் என்பது ஒன்டாரியோ சட்டம். சிமுலேட்டரின் கார்களுக்கு இந்தச் சட்டம் தெரியாது. நீங்கள் கதவைத் திறக்கும் நேரத்தில் அவை பயணிகளின் ஊடாகப் பறந்துபோகும். குவீன் தெருவின் உயிரே இந்தக் காட்சிதான் என்பதால், அது பொய்யாகும்போது பாதை முழுவதும் பொய்யாகிறது.

510 ஸ்பாடைனா சுமார் 6 கி.மீ. சாலை நடுவில் தனித் தடம், நிறுத்தங்களில் உயர்த்திய மேடை. கார் டிராமின் பாதைக்குள் வருவது சந்திப்புகளில் மட்டும். ஆகவே மேலே சொன்ன சிக்கல் இங்கே கிடையாது. வடக்கே ஸ்பாடைனா சுரங்க ரயில் நிலையத்தில் நிலத்துக்கடியில் ஒரு லூப். வெளியே வந்து கொஞ்ச தூரத்தில் ஸ்பாடைனா கிரசென்ட்: 1875-ல் எழுந்த பழைய நாக்ஸ் கல்லூரிக் கட்டடம் சாலை நடுவில் தீவுபோல் நிற்க, டிராம் பாதை அதன் இரண்டு பக்கமும் பிரிந்து வளைந்து மறுபடி சேரும். வடக்கே போகும் வண்டி கிழக்குப் பக்கமாகச் சுற்றும், தெற்கே வருவது மேற்குப் பக்கமாக. அப்புறம் சைனாடவுன், டண்டாஸ், குவீன், கிங் சந்திப்புகள், ஏரிக்கரையில் குவீன்ஸ் கீ தெருவுக்கு ஒரு நேர்கோணத் திருப்பம், கடைசியில் சுரங்கத்துக்குள் இறங்கி யூனியன் நிலையத்தில் இன்னொரு லூப். ஆறு கி.மீ.-க்குள் ஒரு டிராம் நகரத்தில் இருக்க வேண்டிய எல்லாமே இருக்கிறது.

506 கார்ல்டன் திருப்பங்களின் பாதை. கார்ல்டனிலிருந்து பார்லிமென்ட், அங்கிருந்து ஜெரார்ட், காக்ஸ்வெல், மேல் ஜெரார்ட், மெயின் என்று நேர்கோணங்களாக ஒடித்து ஒடித்துப் போகும். ஓட்டுவதற்கு மூன்றிலும் இதுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் முதல் பாதையாக இதை எடுக்காதீர்கள். தெருவோடு ஓடும் கஷ்டமும் இருக்கிறது, வளைவின் கஷ்டமும் இருக்கிறது, நீளமும் இருக்கிறது.

காலம் எது என்பதில் வண்டி மாதிரிதான் தீர்மானிக்கிறது. இன்றைய ஃப்ளெக்ஸிட்டியில் ஐந்து பகுதிகள். முதல், மூன்றாம், ஐந்தாம் பகுதிகளுக்கு மட்டும் கீழே போகி, அதாவது சக்கரச் சட்டகம், உண்டு. இரண்டாவதும் நான்காவதும் பக்கத்துப் பகுதிகளிலிருந்து தொங்குகின்றன. ரயில் சிமுலேட்டர்கள் ஒவ்வொரு பெட்டிக்கும் சொந்தச் சக்கரம் இருக்கும் என்று நம்புபவை. அதனால் தொங்கும் பகுதிக்குக் கண்ணுக்குத் தெரியாத போகி வைத்து ஏமாற்ற வேண்டும். 11 மீட்டர் வளைவில் அந்த ஏமாற்று வேலை மூட்டுகளில் பிளவாகத் தெரியும்: ஓர் ஓரத்தில் இரண்டு உடல்களும் ஒன்றுக்குள் ஒன்று புகும், எதிர் ஓரத்தில் வெளிச்சம் தெரியும்.

அதற்கு முந்தைய சிஎல்ஆர்வி வண்டி ஒரே உடல், இரண்டு போகி, நீளம் 15 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். மொத்தம் 196 வண்டிகள். 1979-ல் ஓடத் தொடங்கி 2019 டிசம்பர் 29 அன்று விடைபெற்றன. ஸ்பாடைனாவில் டிராம் பாதை 1997 ஜூலையில் திறந்தது. ஃப்ளெக்ஸிட்டி அங்கே முதன்முதலாக ஓடியது 2014 ஆகஸ்ட் 31. ஆக, ஸ்பாடைனாவில் சிஎல்ஆர்வி கோலோச்சிய காலம் 17 ஆண்டுகள். புகைப்படமும் வீடியோவும் ஏராளமாகக் கிடைக்கும் காலம் அது. ஒரே ஓர் எச்சரிக்கை: 2012-க்கும் 2015-க்கும் இடையே குவீன்ஸ் கீ தெருவை அடியோடு மாற்றிக் கட்டினார்கள். இன்றைய செயற்கைக்கோள் படத்தை வைத்து 2005-ஐக் கட்டினால், ஏரிக்கரைப் பகுதி தப்பாக வரும்.

பிசிசி என்ற பழைய வகை டிராம் வண்டிகளின் காலம், அதாவது 1938-க்குப் பிறகான சில பத்தாண்டுகள், மனத்தைக் கவரும். டொராண்டோ மொத்தம் 745 பிசிசி வண்டிகளை வாங்கியது. 1972-ல் டிராமை ஒழித்துவிடும் திட்டத்தை மக்கள் எதிர்த்து நிறுத்திய வரலாறும் இவற்றோடு சேர்ந்ததுதான். ஆனால் அந்தத் தெருக்களின் கட்டடங்களில் பல இன்று இல்லை. ஒவ்வொரு கட்டடத்துக்கும் நகர ஆவணக் காப்பகத்தின் புகைப்படத்தைத் தேடி உட்கார வேண்டும். அந்தத் தேடலையே விரும்புபவருக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. ஓட்டிப் பார்க்க அவசரப்படுபவருக்கு இது ஆகாது.

இனி மென்பொருள்.

ஓப்பன் பிவிஇ இலவசம், திறந்த மூலம். பாதையை எழுத்துக் கோப்பாகவே எழுதலாம்: இத்தனையாவது மீட்டரில் இந்த வளைவு, இத்தனையாவது மீட்டரில் இந்த நிறுத்தம் என்று வரி வரியாகப் போகும். எனக்கு இந்த முறை மிகவும் பிடிக்கும். மௌஸைத் தொடாமல் ஒரு தெருவை எழுதிவிட முடியும். திரும்பத் திரும்ப வரும் துண்டுகளைத் தனிக் கோப்பில் வைத்து அழைத்துக்கொள்ளலாம். நிறுத்திய கார்கள், நடைபாதை ஆட்கள் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் மாறி மாறி வரவைக்கலாம். போக்குவரத்து விளக்கை நேரத்தோடு மாறும் அசையும் பொருளாகச் செய்யலாம். 80 நொடிச் சுழற்சி என்று எழுதினால் அது பாட்டுக்கு மாறிக்கொண்டிருக்கும். தண்டவாள அகலம் 1495 என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

சிக்கல் வளைவில். இது பாதையை 25 மீட்டர் கட்டங்களாகப் பார்க்கிறது. வளைவு ஒரு கட்டத்தின் தொடக்கத்தில்தான் தொடங்க முடியும், இன்னொன்றின் தொடக்கத்தில்தான் முடிய முடியும். நமது திருப்பமோ மொத்தமே 17 மீட்டர்! ஒரு கட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. வழி இருக்கிறது: கட்ட நீளத்தைக் கோப்பின் தலைப்பில் மாற்றலாம். 5 மீட்டர் என்று வையுங்கள். நான்கு கட்டம், 20 மீட்டர். 20 மீட்டரில் 90 பாகை திரும்பினால் ஆரம் 12.7 மீட்டர். உண்மையான அளவிலிருந்து 1.7 மீட்டர்தான் தள்ளி. கண்ணுக்கு ஏற்கத்தக்கதுதான். ஆனால் வண்டி வளைவில் போனாலும், தண்டவாளப் படம் 5 மீட்டர் நேர்த்துண்டுகளாக ஒட்டப்படும். துண்டின் நடுவில் வளைவுக்கும் படத்துக்கும் கிட்டத்தட்ட 25 செ.மீ. விலகல் வரும். ஆகவே அந்த முனைக்கு மட்டும் வளைந்த தண்டவாளத்தை ஒரே மாதிரியாகத் தனியே செய்து மேலே வைக்க வேண்டும். ஒரு முனைக்கு ஒரு மாலை வேலை. 501-க்கு இது பரவாயில்லை. 506-க்கு நினைத்தாலே மலைப்பு.

இன்னொன்று: இதன் அடிப்படை வடிவமைப்பு ஒரு கோப்புக்கு ஒரு பயணம். நீங்கள் போகும் தண்டவாளம்தான் மையம், மற்றவை அதைச் சார்ந்து வரையப்படுபவை. கிங்–ஸ்பாடைனா முனையில் மனம் மாறி வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்றால், அதற்கு வேறொரு கோப்பு எழுத வேண்டும். எதிர்த் திசைக்கும் தனிக் கோப்புதான். டிராம் வலைப்பின்னலைக் கட்ட இது சரிவராது. ஒரே ஒரு பயணத்தை, மோட்டார் ஒலியின் ஏற்ற இறக்கம் முதல் கண்ணாடியில் விழும் வெளிச்சம் வரை துல்லியமாகச் செய்ய இதைப்போல் வேறில்லை.

ஓப்பன் ரெயில்ஸும் இலவசம், திறந்த மூலம். 2001-ல் வந்த மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டரின் கோப்பு வடிவத்தை இது தொடர்கிறது. நிலம் 2048 மீட்டர் சதுரங்களாகப் பிரிந்திருக்கும், உயரப் புள்ளிகள் 8 மீட்டர் இடைவெளியில். ஏரியை நோக்கி மெல்லச் சரியும் டொராண்டோவுக்கு அது தாராளம். ஓட்ட இயற்பியல் நல்ல தரம்; சக்கர வழுக்கலை உணரலாம். கால அட்டவணை முறை இருப்பதால் ஒரு காலை நேரப் போக்குவரத்து முழுவதையும் ஓடவிடலாம். மேல் மின்கம்பியைத் தண்டவாளத்தின் மேலேயே தானாக வரைந்துகொள்ளும். கம்பி வலையை முனைக்கு முனை கையால் கட்டிப் பார்த்தவருக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஆனால் தண்டவாளம் துண்டுத் துண்டான மாதிரிகளின் நூலகத்திலிருந்து வருகிறது. நூலகத்தில் இருக்கும் ஆரங்கள் ரயிலுக்கானவை. வெறும் வளைவென்றால் எந்த ஆரத்திலும் வரையும் வசதி உண்டு. பாயின்ட் உள்ள வளைவுக்கு அது உதவாது. 11 மீட்டர் பாயின்ட்டுக்கு மாதிரியும் வேண்டும், அதன் வடிவக் கணக்கை நூலகக் கோப்பில் பதியவும் வேண்டும். பாயின்ட்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் கிராண்ட் யூனியனை இப்படித் துண்டு சேர்த்துக் கட்டுவது, தையல்காரர் கிழிசலை மட்டும் வைத்துச் சட்டை தைப்பதுபோல. முப்பரிமாண மாதிரி செய்வதில் கைதேர்ந்தவர் ஒருவர் உங்களோடு இருந்தால் யோசியுங்கள். தனியாளாக இருந்தால் வேண்டாம்.

டிரெயின் சிமுலேட்டர் கிளாசிக் விலைக்குக் கிடைப்பது. பாதை எடிட்டர் அதனுள்ளேயே இருக்கிறது. தண்டவாளத்தை மௌஸால் இழுத்துப் போடலாம்; நேர்ப்பாதையும் நீண்ட வளைவும் வழவழவென்று வரும், வெளிச்சம் அழகு. கருவியின் மனம் முழுக்க நெடுந்தூர ரயில்பாதையில் இருக்கிறது. நான் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விலைக்கு வாங்கிய கூடுதல் தொகுப்புகளிலிருந்து கட்டடத்தையோ மரத்தையோ எடுத்து உங்கள் பாதையில் வைத்தால், அதை ஓட்டுபவரும் அந்தத் தொகுப்பை வாங்கியிருக்க வேண்டும். ஒரு தெரு முழுக்கக் கடை முகப்பு தேவைப்படும் டிராம் பாதைக்கு இது பெரிய தடை. கட்டியதை நாலு பேர் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றுதானே கட்டுகிறோம்.

டிரெய்ன்ஸ் ஆஸ்திரேலியாவில் பிறந்தது. முதல் பதிப்பு 2001-ல் பிரிஸ்பேனிலிருந்து வந்தது. அதே நாட்டில் மெல்போர்ன் போன்ற டிராம் நகரம் இருந்ததாலோ என்னவோ, இதன் பயனர்களிடம் டிராம் பழக்கம் ஆரம்பத்திலிருந்தே உண்டு. தரவிறக்க நிலையத்தில் தெருவில் பதிந்த தண்டவாளம், டிராம் நிறுத்தம், மெல்போர்ன் வண்டிகள் எல்லாம் கிடைக்கும். நிலம் 720 மீட்டர் சதுரப் பலகைகளால் ஆனது. ஸ்பாடைனாவின் வடக்கு தெற்கு நீளத்துக்கு ஐந்தாறு பலகை போதும். 501 முழுவதற்கு முப்பத்தைந்து பலகை வரிசையாக வேண்டும். இந்த எண்ணே வேலையின் அளவைச் சொல்லிவிடுகிறது.

தண்டவாளம் இங்கே வளைகோடு: புள்ளி வைத்து இழுக்கலாம், 11 மீட்டருக்கும் வளையும். ஒரு கோட்டிலிருந்து இன்னொன்றைப் பிரித்தால் அங்கே ஒரு பாயின்ட் உருவாகிவிடும். நெம்புகோல் ஒன்றை வைத்தால் வேலை செய்யும். கிங்–ஸ்பாடைனா முனையை நான் இப்படித்தான் கட்டினேன். முதலில் நேரே போகும் நான்கு தண்டவாளங்கள். பிறகு நான்கு வலத் திருப்பங்கள், ஒவ்வொன்றிலும் புள்ளிகளைக் குறுகிய இடைவெளியில் வைத்து. கடைசியில் நான்கு இடத் திருப்பங்கள். இவை ஆரம் பெரியவை என்பதால் எளிதாக வளைந்தாலும், எதிர்த் தண்டவாளங்களை வெட்டிக்கொண்டு போவதால் புள்ளிகள் தவறி ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் நெருக்கமாகப் பார்த்து விலக்க வேண்டும். இரண்டு வார இறுதிகள் ஆயின. மூன்றாவது வாரம் சிஎல்ஆர்வி அளவில் ஒரு வண்டியை பன்னிரண்டு வழியிலும் ஓட்டினேன். எல்லாம் போயின.

குறைகளும் உண்டு. புள்ளிகளுக்கு இடையே வளைகோடு தன் இஷ்டத்துக்கு உப்பும். அதனால் வளைவின் ஆரம் ஒரே சீராக இருக்காது. வண்டி திரும்பும்போது சின்னக் குலுக்கல் தெரியும். கணினி ஓட்டும் வண்டிகள் இடைவெளி விடுவதற்குக் கண்ணுக்குத் தெரியாத சிக்னல்களை வழி நெடுக வைக்க வேண்டும். ஒரு வண்டியின் வாலுக்குப் பின்னால் அடுத்தது ஒட்டி நிற்கும் காட்சியை அப்போது விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு வண்டியிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறி ஓட்டலாம். பாயின்ட்டை நீங்களே மாற்றி, ஸ்பாடைனாவிலிருந்து கிங்குக்குத் திரும்பலாம். நகரத்தில் டிராம் வழி மாறிப் போவது அடிக்கடி நடப்பது. எங்கேயோ தெருவை அடைத்திருப்பார்கள், வண்டி வேறு தெரு வழியாகச் சுற்றி வரும். அந்தச் சுதந்திரம்தான் வலைப்பின்னலின் உயிர்.

லோட்டஸ் என்ற சிமுலேட்டரையும் சொல்ல வேண்டும். ஓம்சி என்ற பேருந்து சிமுலேட்டரைச் செய்தவர்களில் ஒருவரின் அடுத்த முயற்சி, டிராமையும் பேருந்தையும் முதன்மையாக வைத்தது. நகரப் போக்குவரத்து என்ற எண்ணத்திலிருந்தே பிறந்ததால் இயல்பிலேயே நமக்கு நெருக்கம். ஆனால் அதன் வண்டிகளும் தெருக்களும் பெரும்பாலும் ஜெர்மானியப் பாணி. டொராண்டோவின் செங்கல் கடைவரிசைக்கும் மரக் கம்பங்களுக்கும் நீங்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

எதை எடுத்தாலும் தரவு ஒன்றுதான், அதில் டொராண்டோ தாராளமான நகரம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தண்டவாளம் முனைக்கு முனை வரையப்பட்டிருக்கிறது. நகரத்தின் திறந்த தரவுத் தளத்தில் கட்டடங்களின் உயரத்தோடு முப்பரிமாண வடிவங்கள் கிடைக்கின்றன. போக்குவரத்துக் கழகம் வெளியிடும் ஜிடிஎஃப்எஸ் என்ற கால அட்டவணைக் கோப்பில் ஒவ்வொரு நிறுத்தத்தின் இருப்பிடமும் ஒவ்வொரு வண்டியின் நேரமும் உண்டு. இவை இன்றைய நிலவரம் என்பதை மட்டும் மறக்காதீர்கள். 2005-ஐக் கட்டினால், உயரமான கண்ணாடிக் குடியிருப்புகளில் பலவற்றை நீக்கிவிட்டு அந்த இடத்தில் வாகன நிறுத்தத்தை வைக்க வேண்டியிருக்கும்.

என் தேர்வு 510 ஸ்பாடைனா, 1997 முதல் 2012 வரையிலான சிஎல்ஆர்வி காலம், டிரெய்ன்ஸ் மென்பொருள். ஆறு கி.மீ. என்பது தனி ஒருவர் முடிக்கக்கூடிய அளவு. தனித் தடம் என்பதால் கார்கள் கதையைக் கெடுக்காது. ஒற்றை உடல் வண்டி என்பதால் 11 மீட்டர் வளைவில் மூட்டு பிளக்காது. முடித்த பிறகு கிங் தெருவிலோ குவீன் தெருவிலோ பாதையை நீட்டிக்கொள்ளலாம், ஏனென்றால் சந்திப்பு ஏற்கெனவே இருக்கிறது.

வலைப்பின்னல் வேண்டாம், ஒரு பயணம் போதும், காசும் செலவழிக்க மாட்டேன் என்பவருக்கு ஓப்பன் பிவிஇ. அவர் ஸ்பாடைனாவைத் தொட வேண்டாம். 501-இன் மேற்குப் பாதியை எடுக்கட்டும்: குவீன்ஸ்வேயின் தனித் தடம், ஹம்பர், லேக் ஷோர் வழியாக லாங் பிராஞ்ச் லூப் வரை. நேர்கோணத் திருப்பம் அநேகமாக இல்லாததால் கட்டக் கணக்கு அதிகம் தொந்தரவு செய்யாது. கடை முகப்பும் நகர நடுவைவிட அடர்த்தி குறைவு. 1979-ல் சிஎல்ஆர்வி முதன்முதலில் சேவைக்கு வந்ததும், அப்போது 507 என்ற தனிப் பாதையாக இருந்த லாங் பிராஞ்சில்தான் என்பதால், அந்த ஆண்டையே காலமாக வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

ஃப்ளெக்ஸிட்டிதான் வேண்டும் என்று நிற்பவர் முதலில் வண்டியை மட்டும் செய்யுங்கள். வெறும் பச்சைப் பலகையில் 11 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டு, 10 கி.மீ. வேகத்தில் அதைச் சுற்றவிட்டு, ஒவ்வொரு மூட்டையும் மேலிருந்து பாருங்கள். பிளவு ஒரு விரல் அளவுக்குள் அடங்கிய பிறகு தெருவைக் கட்டத் தொடங்கலாம்.